கறளுக்குத் தப்பியதை வாங்குங்கள்: சொந்தக் கையால் பராமரித்த ஒரு 2004 லெக்சஸ் ஜிஎக்ஸ் 470

ரொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் ஜீப் வகை வாகனமான ஜிஎக்ஸ் 470 ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறவர், விற்பவரின் வீட்டு வாசலில் இறங்கியதும் தோல் இருக்கையில் ஏறி அமர்ந்து பார்க்க வேண்டாம். ஒரு பழைய பாயைத் தரையில் விரித்து, கையில் ரோச் லைட்டும் ஒரு தடித்த ஸ்குறூ டிறைவரும் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, பின் அச்சுக்கு மேலே அடிச்சட்டம் வளைந்து ஏறும் இடத்தை முதலில் பார்க்கட்டும். இந்த வாகனத்தில் ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் பொறுமையுள்ள ஒருவர் வீட்டு முன்றலில் வைத்துத் தாமே திருத்திவிடலாம். கறள் தின்ற அடிச்சட்டத்தை மட்டும் அப்படித் திருத்த முடியாது. கனடாவின் ஸ்காபரோவில் 2004ஆம் ஆண்டு வாகனம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருந்து, அதன் வேலைகளில் பெரும்பகுதியை நானே செய்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

2002 தொடக்கத்தில் டிற்றொயிட் வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டு, 2003 முதல் 2009 வரையான மாதிரி ஆண்டுகளில் வட அமெரிக்கச் சந்தைக்கு வந்த வாகனம் இது. யப்பானின் தஹாரா தொழிற்சாலையில் உருவானது. மேலே மரப் பட்டிகளும் தோலும் இருந்தாலும் உள்ளே இருப்பது ரொயோட்டா லாண்ட் குறூசர் பிறாடோ 120 வரிசையின் எலும்புக்கூடு: ஏணி போன்ற தனி அடிச்சட்டம், அதன்மேல் பொருத்திய உடல், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை அனுப்பும் அமைப்பு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பங்கிட நடுவே பூட்டக்கூடிய ரோர்சன் வகை டிபரன்சியல். எஞ்சின் 4.7 லீற்றர், எட்டு சிலிண்டர், 2யூஇசட்-எப்ஈ என்ற குறியீடு உடையது. அதன் புளொக் வார்ப்பிரும்பு, தலைகள் அலுமினியம். இதே எஞ்சின்தான் லாண்ட் குறூசர் 100 வரிசையிலும் ருண்ட்றாவிலும் செக்குவோயாவிலும் எட்டு சிலிண்டர் 4றன்னரிலும் ஓடியது. சொந்தக் கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இந்த ஒரு செய்தி போதும். பொருளும் கிடைக்கும், செய்முறையும் கிடைக்கும், முன்னர் இதே போல்ட்டோடு மல்லுக்கட்டியவர்களின் அனுபவமும் கிடைக்கும். சொகுசு வாகனங்கள் பலவற்றில் ஒரு சிறு பாகத்துக்கே மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுவதும் வீதிகளில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்புநீர் ஏணிச் சட்டத்தின் பெட்டி போன்ற உட்குழிக்குள் சேற்றோடு சேர்ந்து தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கிறது. எனவே கண்ணால் பார்ப்பது போதாது. தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பில் ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்கும். அரித்த இரும்பு பொத்தென்று மந்தமாகச் சத்தமிட்டு, செதில் செதிலாக உதிரும். பின் அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைகள் பொருந்தும் இடம், உடலைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளின் தாங்கிகள், உதிரி ரயர் தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றையும் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். நான் ஐந்து வாகனங்களைப் பார்த்தேன்; நான்கை இப்படித் தட்டிய மாத்திரத்தில் கைவிட்டேன். ஐந்தாவது, முதல் உடைமையாளர் ஆண்டுதோறும் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் தெளித்துப் பேணியது. 238,000 கிலோமீற்றர் ஓடியிருந்தும் சட்டத்தில் தொழிற்சாலையின் கறுப்புப் பூச்சுப் பெருமளவு அப்படியே இருந்தது. விற்பவர் தரவேண்டிய பழைய வாகனத் தகவல் பொதியில் உடைமையாளர்களின் வரலாறு இருக்கும். வாகனத்தை உங்கள் பெயரில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழும் வேண்டும். அவை இரண்டும் தேவையானவையே என்றாலும், பாயில் படுத்துப் பார்ப்பதற்கு அவற்றில் எதுவும் ஈடாகாது.

1990களின் தொடக்கத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பிடித்து மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாகம் கிடைக்காத ஊரில் திருத்தி ஓட்டியவர்களின் பொறுமை என் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. அதனால் வாங்கிய முதல் மாதத்திலேயே, இந்த வாகனத்தைப் பிறர் கையில் கொடுப்பதற்கு முன் நானே புரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முதல் வேலை மிக எளியது, பயனோ பெரியது. சிவப்பு விளக்கில் நின்றதும், ஒரு நொடி கழித்து, பின்னாலிருந்து எவரோ மெல்ல முட்டியது போன்ற ஒரு தட்டல் வந்துகொண்டிருந்தது. என் மனைவி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கியர்பெட்டி பழுதாகப் போகிறது என்று ஒரு திருத்தகத்தில் சொன்னார்கள். உண்மையில் வறண்டிருந்தது, சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீள் தண்டு. வாகனம் நிற்கும்போதும் புறப்படும்போதும் அந்தத் தண்டு தன் உறைக்குள் சற்றே நீண்டு சுருங்க வேண்டும். கிறீஸ் வற்றினால் அது வழுக்காமல் பிடித்து நின்று, பின்னர் சடாரென விடுபடுகிறது. அந்த விடுபடல்தான் நமக்குத் தட்டலாகக் கேட்கிறது. முன்னும் பின்னும் செல்லும் இரு தண்டுகளிலும் கிறீஸ் ஏற்றும் நிப்பிள்கள் உள்ளன. வாகனம் உயரமானது என்பதால், சமதளத்தில் சக்கரங்களுக்கு அடைகொடுத்துவிட்டு, ஜாக் இல்லாமலே கீழே புகுந்துவிடலாம். நிப்பிளின் முகத்தைத் துணியால் துடைத்த பிறகே கிறீஸ் துப்பாக்கியைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் வெளியே இருக்கும் மணலை நாமே உள்ளே ஏற்றுகிறோம். தண்டின் முனைகளிலுள்ள குறுக்கு இணைப்புகளில் பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை ஏற்றலாம். வழுக்கும் உறையில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே நிறைய ஏற்றினால் தண்டு சுருங்குவதற்கு இடமில்லாமல் போகும். ஆகவே தண்டு நீளத் தொடங்குவது கண்ணில் பட்டதும் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று மாலையே அந்தத் தட்டல் நின்றுவிட்டது.

இனி, இந்த வாகனத்தின் பெரிய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறாங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டுகளையும் ஒரே ஒழுங்கில் சுழலவைப்பது இந்த எஞ்சினில் சங்கிலி அல்ல, ரப்பர் ரைமிங் பெல்ட். அதை 90,000 மைலுக்கு ஒரு தடவை, அதாவது 144,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். என் வாகனத்தின் பதிவேட்டில் முதல் மாற்றம் இருந்தது. அதற்குப் பின் ஓடிய ஆண்டுகளோ ரப்பருக்குப் போதுமானதற்கும் மேல். திருத்தகம் ஒன்று இந்த வேலைக்கு 1,900 டொலரும் அதன்மேல் 13 வீத வரியும் கேட்டது. அவர்கள் கேட்டது அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முழுநாள் வேலை அது. ஆனால் ஐசின் நிறுவனம் இந்த எஞ்சினுக்கென்றே பெல்ட், வோட்டர் பம்ப், பெல்ட்டை விறைப்பாக வைக்கும் ரென்சனர், இரு கப்பிகள், காஸ்கெற் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற்றோடு சேர்த்து எனக்கு 500 டொலருக்குச் சற்றுக் குறைவாகவே முடிந்தது.

அடுத்தடுத்த இரு வார இறுதிகளை இதற்கு ஒதுக்கினேன். கழற்றும் போல்ட்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ஒரு பெரிய அட்டையில் எஞ்சினின் முன்முகத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே துளையிட்டுக் குத்தி வைத்தேன். பிற்பாடு ஒரு போல்ட்டைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. கூலன்ற்றை வடிக்கும்போது அகன்ற தட்டு வையுங்கள். அது இனிப்பான நஞ்சு, நாயும் பூனையும் நக்கிப் பார்க்கும். தரையில் சிந்தியதை உடனே கழுவித் துடைத்துவிட்டு, வடித்ததை நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையில் பலரும் கைவிடும் இடம் கிறாங்க் கப்பியின் நடு போல்ட். 22 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும். அது 245 நியூட்டன் மீற்றர் இறுக்கத்தில் இருக்கும். ஆண்டுகள் போகப் போக இன்னும் இறுகிவிடும். ஸ்பனரை அடிச்சட்டத்தில் முட்டக்கொடுத்து எஞ்சின் ஸ்ராட்டரைச் சொடுக்கிக் கழற்றலாம் என்று பலர் சொல்வார்கள். அது கையையும் ரேடியேட்டரையும் பணயம் வைக்கும் வேலை. நான் செய்யவில்லை, எவருக்கும் சொல்லவும் மாட்டேன். கப்பியைப் பிடித்துக்கொள்வதற்கென்றே உரிய கருவி உண்டு. அதைப் பொருத்தி, ஒரு மீற்றர் நீளமான கைப்பிடியில் சீராக எடையைக் கொடுத்தேன். நீண்ட முனகலுக்குப் பின் ஒரு வெடிச்சத்தத்தோடு போல்ட் இளகியது. திரும்ப மாட்டும்போது இறுக்கத்தை ரோர்க் ரெஞ்சால் அளந்தே மாட்ட வேண்டும். கைக்கணக்கு இந்த இடத்தில் செல்லாது.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் கிறாங்க் கப்பியிலும் இரண்டு காம் கப்பிகளிலும் உள்ள குறிகள் தத்தம் இடத்தில் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் கழன்றதும் வால்வு வில்லின் அழுத்தத்தால் ஒரு காம் தானாகவே சற்றுத் துள்ளித் திரும்பலாம். முதன்முறை செய்கிறவர் அதைக் கண்டு நெஞ்சு பதறிப்போவார். திருத்தக் கையேட்டில் சொன்னபடி கிறாங்கின் நிலையைச் சரிபார்த்துக்கொண்டு, காம் கப்பியை மெதுவாகக் குறிக்கு மீட்டால் போதும். புதிய பெல்ட்டில் இடப்பக்கக் காம், வலப்பக்கக் காம், கிறாங்க் ஆகியவற்றுக்கான கோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன; மூன்று கோடுகளையும் மூன்று குறிகளோடு பொருத்தி மாட்டியபின், ரென்சனரை அழுத்திப் பிடித்திருக்கும் சிறு ஊசியை உருவ வேண்டும். அதன் தண்டு வெளியே வந்து பெல்ட் விறைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்த செயல்தான் மிக முக்கியமானது. எஞ்சினை இயக்காமல், கிறாங்கை ஸ்பனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவது போலத் தடைப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இரண்டு சுற்றின் முடிவில் கப்பிகளின் குறிகள் மறுபடியும் நேராக வந்து நிற்கும். ஆனால் பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் அப்போது வேறெங்கோ நகர்ந்திருக்கும். அதைக் கண்டு பிழை செய்துவிட்டோம் என்று எண்ணி மறுபடி எல்லாவற்றையும் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டின் பற்களின் எண்ணிக்கையும் கப்பியின் பற்களின் எண்ணிக்கையும் ஒத்துவராததால் அந்தக் கோடுகள் பல சுற்றுகள் வரை திரும்பச் சேராது. அவை மாட்டும் கணத்துக்கு மட்டும் உதவுபவை. பின்னர் நம்ப வேண்டியது கப்பியின் குறிகளையே. வோட்டர் பம்பைப் பொருத்தும்போது பின்னால் செல்லும் குழாயின் ஓ-வளையத்தைச் சவர்க்கார நீரில் நனைத்துச் செருகுங்கள். வறண்ட வளையம் மடிந்துவிட்டால், இவ்வளவு வேலையையும் கழற்றித் திரும்பச் செய்ய நேரும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை எஞ்சினை இயக்கினேன். எப்போதும் போலவே ஒலித்தது. பக்கத்தில் நின்ற என் மகள், "ஒண்டும் மாறேல்லையே அப்பா" என்றாள். அதுதான் நான் கேட்க விரும்பிய வார்த்தை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒயில் மாற்றுவதற்கு வடிகட்டியோடு 6.2 லீற்றர் போதும். முன் பிறேக் தட்டைகளை மாற்றுவது இந்த வாகனத்தில் மனத்துக்கு இதமான வேலை. தட்டைகளை அழுத்தும் நான்கு பிஸ்ரன் கொண்ட கலிப்பரைக் கழற்றாமலே, இரண்டு ஊசிகளை உருவித் தட்டைகளை எடுத்துவிடலாம். கறளில் ஒட்டிக்கொண்ட பிறேக் வட்டைச் சுத்தியலால் அடித்து வருத்த வேண்டாம். அதிலேயே இரண்டு திருகுத் துளைகள் இருக்கின்றன, அவற்றில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் வட்டு தானாகக் கழன்று வரும். டிபரன்சியல் ஒயில் மாற்றுகிறவர், நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பின்னரே வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். கியர்பெட்டியில் அளவுகோல் கிடையாது. குறித்த வெப்பநிலையில் மேலதிக ஒயில் வழிந்து நிற்பதை வைத்தே அளவு பார்க்க வேண்டியிருப்பதால், அதை முதல் ஆண்டிலேயே தொட வேண்டாம் என்பேன்.

பின் அச்சில் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் உள்ளன. ரப்பர் முதிர்ந்து வெடிப்புக் கண்டால் வாகனம் இரவில் பின்புறம் தாழ்ந்து கிடக்கும். சவர்க்கார நுரையைப் பூசினால் கசியும் இடம் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். பலர் இவற்றைக் கழற்றிவிட்டுச் சாதாரண வில்லைப் போடுகிறார்கள், செலவு குறைவுதான். ஆயினும் முதிய பெற்றோரை ஏற்றி இறக்குகிறவன் என்ற வகையில், பின்புறத்தைத் தாழ்த்தித் தரும் அந்த வசதியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. புதிய பைகளை வாங்கி ஒரு சனிக்கிழமையில் மாட்டினேன். எச்சரிக்கை ஒன்று உண்டு: வாகனத்தை உயர்த்தும் முன் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், பையைக் கழற்றும் முன் அதிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள வாகனம் இது. ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே புகக் கூடாது. தாங்கிகளை வைத்து, வாகனத்தைக் கையால் அசைத்துப் பார்த்தபின்பே தலையை உள்ளே கொடுக்க வேண்டும்.

கருவிகளில் பணத்தைச் சேமிக்காதீர்கள் என்றே சொல்வேன். நல்ல ரோர்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும், சிறிய இறுக்கத்துக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று. எப்போதாவது ஒரு தடவை தேவைப்படும் கருவிகளை கனேடியன் ரயர் போன்ற கடைகளில் முன்பணம் கட்டி இரவல் எடுக்கலாம். திருத்தக் கையேட்டை ரொயோட்டா நிறுவனம் இணையத்தில் சந்தா முறையில் எவருக்கும் தருகிறது. காணொளிகளைப் பார்த்துத் துணிவு பெறலாம். இறுக்கத்தின் அளவை மட்டும் கையேட்டிலிருந்தே எடுங்கள். பாகங்களை வாங்குவதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்து நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய இடத்துக்கு வெளி நிறுவனத்தின் பொருளை வாங்குவேன். எஞ்சின் மூடிக்குள் போகிற பொருள் எதுவாயினும், மூல நிறுவனத்தினதையோ அதற்குப் பொருள் செய்து கொடுக்கும் ஐசின், டென்சோ போன்றவர்களினதையோதான் வாங்குவேன். பல பாகங்களின் இலக்கம் லெக்சஸுக்கும் ரொயோட்டாவுக்கும் ஒன்றே என்பதால், இரண்டு இடத்திலும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

நானே செய்யாத வேலைகளும் உண்டு. குளிரூட்டியின் வாயுவைக் கையாளச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். மோதலின்போது விரியும் காற்றுப்பாதுகாப்புப் பைகள், அடிச்சட்டத்தில் உருக்கி ஒட்டும் வேலை, சக்கரங்களை நேர்படுத்தல் ஆகியவற்றை அதற்குரியவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. நகரில் 100 கிலோமீற்றருக்கு 17 லீற்றர் வரை குடிக்கிறது. பெற்றோலும் உயர்தரமானதாக இருக்க வேண்டும் என்பதே பரிந்துரை. பின்கதவு மேலே உயராமல் வலப்பக்கக் கீலில் பக்கவாட்டாகத் திறப்பதால், வீதியோரம் நிறுத்திப் பொருள் ஏற்றும்போது நடைபாதைக்கும் நமக்கும் இடையில் கதவே வந்து நிற்கிறது. மூன்றாவது வரிசை இருக்கை சிறுவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2005 முதல் வந்த வாகனங்களில் வால்வு நேரத்தை மாற்றும் நுட்பம் சேர்ந்து வலு கூடியது. கூடவே, குளிர்ந்த எஞ்சினின் புகையைத் தூய்மைப்படுத்தும் காற்றுப் பம்பு ஒன்றும் வந்தது. அது முதிர்ந்தால் மாற்றுவதற்குச் செலவு அதிகம். வலுவை விட எளிமையை விரும்பும் எனக்கு 2003, 2004 ஆண்டு வாகனங்களே உகந்தவையாகத் தோன்றுகின்றன. அவற்றின் 235 குதிரைவலு ஒரு குடும்பத்தையும் அதன் பொதிகளையும் அல்கொன்குவின் பூங்கா வரை இழுத்துச் செல்லப் போதுமானது.

என் வாகனம் இப்போது 281,000 கிலோமீற்றர் காட்டுகிறது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும், முதற்பனி விழுவதற்கு முன், அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி இரண்டு நாள் உலரவிட்டு, ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து செய்யப்படும் புளூயிட் பிலிமை ஏணிச் சட்டத்தின் துளைகள் வழியாக உள்ளேயும் வெளியேயும் தெளிக்கிறேன். மணம் ஒரு வாரம் நிற்கும். மறுநாள் காலையில் வாகனத்தின் கீழே பாயை விரித்துப் படுத்து, அந்தத் துளைகளின் விளிம்பில் கொழுப்புக் கசிந்து நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.